அதிகாலை நாலரை மணி கோச்

வீட்டில் சொத்து இருக்க வேண்டும், இல்லையென்றால் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ள ஒரு குடும்பத் தொழிலாவது இருக்க வேண்டும். இரண்டும் இல்லாதவர்கள் பிள்ளைகளை விளையாட்டில் இறக்கிவிட வேண்டாம். 2025 பிப்ரவரியில் இப்படி ஒரு கருத்தைச் சொன்னவர் வேலையில் சலித்துப்போன பி.டி. மாஸ்டர் யாரும் அல்ல. புல்லேலா கோபிசந்த். ஆல் இங்கிலாந்து சாம்பியன், 2006 முதல் இந்திய பேட்மின்டனின் தலைமைப் பயிற்சியாளர், சாய்னா நேவாலையும் பி.வி.சிந்துவையும் ஒலிம்பிக் மேடையில் ஏற்றிவிட்டவர். பயிற்சிக்கூடத்தைக் கட்டி, இருபது வருஷமாக ஊரான் பிள்ளைகளுக்கு ராக்கெட் பிடிக்கக் கற்றுக்கொடுத்த மனுஷனே கடைசியில் ‘வேண்டாம்’ என்றால், கேட்கிற பெற்றோர் என்ன செய்வார்கள்?

நீலகிரியில் இந்தக் கேள்வி இன்னும் கொஞ்சம் உறைக்கும். தென்மேற்குப் பருவமழை கூடலூரையும் பந்தலூரையும் ஊறவைத்து முடிப்பதற்குள், வடகிழக்கு குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வந்து நின்றுவிடும். நடுவில் பனி, மூடுமேகம், காற்று. கிரிக்கெட்டும் ஃபுட்பாலும் வானம் அனுமதித்த நாட்களில்தான். கூரைக்குக் கீழே வருஷம் முழுக்க ஆடக்கூடியது ஷட்டில் ஒன்றுதான். பள்ளி ஹால், சர்ச் ஹால், சமுதாயக்கூடம், எஸ்டேட் கிளப் என்று கோடு போட்ட இடமெல்லாம் கோர்ட். எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளையும் படுகர் ஹட்டியிலிருந்து வரும் பிள்ளையும் ஆடத்தான் செய்கிறார்கள். பத்தாம் வகுப்பு வந்ததும் ராக்கெட் பரணுக்குப் போய்விடும். ‘அதுல என்ன சோறா கிடைக்கும்?’ என்று கேட்ட அப்பாக்களுக்கு இப்போது கோபிசந்தே சாட்சி.

ஆனால் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று புரிய வேண்டுமானால், அவர் கொடுத்த விலையைப் பார்க்க வேண்டும்.

படிப்பு வராத தம்பி

ஆந்திராவின் பிரகாசம் மாவட்டத்தில் நாகண்ட்லா என்ற ஊரில் 1973 நவம்பர் 16 அன்று பிறந்தவர் கோபிசந்த். சின்ன வயதில் கிரிக்கெட் பைத்தியம். அண்ணன் ராஜசேகர்தான் பேட்மின்டன் பக்கம் திருப்பிவிட்டார். இரண்டு பேருமே நன்றாக ஆடினார்கள். அண்ணனுக்கு ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது, ஆட்டம் நின்றது. தம்பி பொறியியல் நுழைவுத் தேர்வில் தேறவில்லை, ஆட்டம் தொடர்ந்தது. படிப்பில் சுமாராக இருந்ததுதான் தன் அதிர்ஷ்டம் என்று இதை அவரே பல மேடைகளில் சொல்லிச் சிரித்திருக்கிறார். சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் நம் நாட்டில் ஒரு சாம்பியன் உருவானது நுழைவுத் தேர்வுத் தோல்வியால் என்பது அவ்வளவு சிரிப்பான விஷயமா?

ஹைதராபாத்தில் எஸ்.எம்.ஆரிஃப், பிறகு பெங்களூரில் பிரகாஷ் படுகோன், கங்குலி பிரசாத் என்று நல்ல ஆசிரியர்கள் அமைந்தார்கள். 1994இல், ஓர் இரட்டையர் ஆட்டத்தின் நடுவே முழங்கால் தசைநார் அறுந்தது. பேட்மின்டனில் முழங்கால்தான் முதலீடு. ஒரு காலை முன்னே ஊன்றி, வலையோரம் பாய்ந்து, அடுத்த நொடியே பின்னால் திரும்ப வேண்டும். ஒரு மணி நேர ஆட்டத்தில் இது நூற்றுக்கணக்கான தடவை நடக்கும். அறுவை சிகிச்சை ஒன்றோடு முடியவில்லை. அந்தக் காலத்தில் விளையாட்டு வீரருக்கென்று தனியாக மறுவாழ்வுப் பயிற்சி, பிசியோ, உணவு ஆலோசகர் என்று இங்கே ஒன்றும் ஒழுங்காக இல்லை. தன் காலைத் தானே படித்துத்தான் அவர் எழுந்தார். 1996இல் தேசிய சாம்பியன். 2000 வரை ஐந்து வருஷம் அந்தப் பட்டத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பிற்பாடு ஒரு கோச்சாக அவருக்குப் பயன்பட்ட பாடங்களில் பாதியை இந்த ஆறு வருஷம்தான் கற்றுக்கொடுத்திருக்கும் என்பது என் கணிப்பு.

2001 மார்ச் 11, பர்மிங்ஹாம். ஆல் இங்கிலாந்து என்றால் பேட்மின்டனுக்கு விம்பிள்டன் மாதிரி. உலகத்தின் முதல்நிலை ஆட்டக்காரர்களில் ஒருவரான டென்மார்க்கின் பீட்டர் கேட்டை அரையிறுதியில் 17-14, 17-15 என்று கடந்தார். இறுதியில் சீனாவின் சென் ஹாங். 15-12, 15-6. 1980இல் பிரகாஷ் படுகோன் வென்றதற்குப் பிறகு 21 வருஷம் கழித்து ஓர் இந்தியர் கையில் அந்தக் கோப்பை. அதன்பின் இன்றுவரை இன்னொரு இந்தியருக்கு அது கிடைக்கவில்லை.

கோப்பையோடு விளம்பரங்களும் வாசலுக்கு வந்தன. ஒரு கோலா நிறுவனம் கேட்டது. தான் குடிக்காத ஒன்றைப் பிள்ளைகளைக் குடிக்கச் சொல்ல மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அப்போது அவர் பெரிய பணக்காரர் ஒன்றுமில்லை என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

அடமானத்தில் எழுந்த கூடம்

முழங்கால் இன்னும் சில வருஷம்தான் தாங்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 2003இல் ஆந்திர அரசு ஹைதராபாத் கச்சிபௌலியில் ஐந்து ஏக்கர் நிலம் ஒதுக்கியது. இடம் கிடைத்துவிட்டால் ஆயிற்றா? கட்டடத்துக்குப் பணம் வேண்டும். பேட்மின்டனுக்குக் கூடம் கட்டுகிறேன் என்று போய் நின்றவரை எந்தக் கம்பெனியும் உட்கார வைத்துப் பேசவில்லை. கடைசியில் வீட்டை அடமானம் வைத்தார். தொழிலதிபர் நிம்மகட்டா பிரசாத் 5 கோடி ரூபாய் கொடுத்தார். அவர் வைத்த ஒரே நிபந்தனை, பேட்மின்டனில் இந்தியாவுக்கு ஒலிம்பிக் பதக்கம் வர வேண்டும் என்பது. 2008இல் அகாடமி திறந்தது. நான்கே வருஷத்தில், 2012 லண்டனில் சாய்னா வெண்கலம் வாங்கிக் கடனை அடைத்தார்.

அந்தக் கூடத்தின் ரகசியம் என்று பத்திரிகைகள் பலவற்றை எழுதின. எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: நேரம். முன்னணி ஆட்டக்காரர்களுக்கான முதல் செஷன் காலை நாலரை மணிக்கு. கோச் அதற்கு முன்பே வந்து கோர்ட்டில் நிற்பார். தானே ராக்கெட் எடுத்து எதிரே ஆடுவார், கூடை கூடையாக ஷட்டில் காக் எடுத்துப்போட்டு ஆடவைப்பார். தலைமைப் பயிற்சியாளர் என்றால் கோட் போட்டுக்கொண்டு தேர்வுக்குழுக் கூட்டத்தில் உட்காருபவர் என்றிருந்த ஊரில் இது புதுப் பழக்கம்.

சிந்து விஷயத்தில் நடந்தது ஒன்றை மட்டும் சொல்கிறேன். சிந்து இயல்பில் சாது. உயரம் உண்டு, வீச்சு உண்டு, கோர்ட்டில் சத்தமே வராது. எதிராளி மீது ஓர் அதட்டலாவது விழ வேண்டும் என்று கோபிசந்த் நினைத்தார். ஒருநாள் மற்ற ஆட்டக்காரர்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்க்க, கோர்ட் நடுவில் நிறுத்தி, வாய்விட்டுக் கத்து என்றார். கத்தாமல் ராக்கெட்டைத் தொடக்கூடாது என்பது உத்தரவு. அந்தப் பெண் அழுதுவிட்டார். பிறகு கத்தினார். 2016 ரியோவில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிந்து எழுப்பிய அந்தக் குரலைத் தொலைக்காட்சியில் கேட்டவர்களுக்கு அதன் பின்கதை இது. ஒலிம்பிக்குக்கு முந்தைய மூன்று மாதம் சிந்துவின் செல்போன் கோச்சிடம்தான் இருந்தது. ஐஸ்கிரீமுக்கும் தடை. இறுதியில் ஸ்பெயினின் கரோலினா மரின் 19-21, 21-12, 21-15 என்று வென்றார். வெள்ளியோடு வந்த பிள்ளைக்கு போனைத் திருப்பிக் கொடுத்து, ஐஸ்கிரீமுக்கும் அனுமதி கொடுத்தார் மனுஷன்.

இந்தக் கண்டிப்பை எல்லோரும் ரசிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இன்றைக்கு ஒரு பள்ளியில் இப்படி ஒரு பிள்ளையை நடுவில் நிறுத்தினால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள், வரவும் வேண்டும். தன்மேல் அதே கண்டிப்பை வைத்திருந்த ஒருவர் செய்ததால் அங்கே அது செல்லுபடியானது. பார்த்துவிட்டுக் கத்தலை மட்டும் காப்பியடிக்கும் கோச்சுகளை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

மற்ற வெற்றிகளை வேகமாகச் சொல்லிவிடலாம், எல்லாம் நீங்கள் கொண்டாடியவைதான். 2014 காமன்வெல்த்தில் இவருடைய மாணவர் காஷ்யப் தங்கம். 2017 சிங்கப்பூர் ஓப்பன் இறுதியில் வலைக்கு இரண்டு பக்கமும் இவருடைய மாணவர்கள், சாய் பிரணீத்தும் ஸ்ரீகாந்தும். அதே வருஷம் ஸ்ரீகாந்த் நான்கு சூப்பர் சீரிஸ் பட்டம் அள்ளினார். 2019இல் பாசெலில் ஜப்பானின் ஒகுஹாராவை 21-7, 21-7 என்று நசுக்கி சிந்து உலக சாம்பியன் ஆனார்.

ஒரே ஆள், இத்தனை நாற்காலி

இனி, மெச்ச முடியாத பக்கம். கோபிசந்த் தேசியத் தலைமைப் பயிற்சியாளர். தேர்விலும் அவர் குரலுக்கு எடை உண்டு. தனியாக ஓர் அகாடமியும் அவருடையது. தன் மாணவருக்கும் வேறு அகாடமி மாணவருக்கும் இடையே போட்டி வந்தால்? இந்தக் கேள்வியை இரட்டையர் ஆட்டக்காரர் ஜ்வாலா கட்டா பல வருஷம் உரக்கக் கேட்டார். ஒற்றையருக்குக் கிடைக்கும் கவனம் இரட்டையருக்கு இல்லை என்பது அவருடைய இன்னொரு குற்றச்சாட்டு. 2011 உலகப் போட்டியில் அஸ்வினி பொன்னப்பாவோடு சேர்ந்து வெண்கலம் வாங்கியவர் சொல்வதைப் பொறாமை என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் கேட்டது நியாயம் என்றே நினைக்கிறேன். கோபிசந்தின் நேர்மை வேறு விஷயம். பதவிகளை ஒரே ஆளிடம் குவித்துவைப்பது எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தவறு, அந்தத் தவறு பேட்மின்டன் சங்கத்துடையது.

2014இல் சாய்னா கிளம்பிப் போனார். பெங்களூரில் பிரகாஷ் படுகோன் அகாடமியில் விமல் குமாரிடம். விமலும் சாதாரண ஆள் இல்லை. திருவனந்தபுரத்துக்காரர், தேசிய சாம்பியன், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆடியவர், தேசியப் பயிற்சியாளர் பொறுப்பிலும் இருந்தவர். அவரிடம் போன சாய்னா 2015இல் உலகின் முதல் இடத்தைப் பிடித்தார், உலகப் போட்டியில் வெள்ளியும் வென்றார். 2017இல் திரும்பி ஹைதராபாத்துக்கே வந்தார். மாணவி பிரிந்துபோனது தனக்கு மிகவும் பிரியமான ஒன்றை யாரோ எடுத்துக்கொண்டு போன மாதிரி வலித்தது என்று 2020இல் வெளிவந்த ஒரு புத்தகத்தில் கோபிசந்த் மனம் திறந்திருக்கிறார். படுகோன் தன்னைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னதில்லை என்ற ஏக்கமும் அதில் இருக்கிறது. சாம்பியன் ஆனாலும் குருவின் வாயிலிருந்து ஒரு சொல் வராதா என்று காத்திருப்பதுதான் சிஷ்யன் புத்தி போலிருக்கிறது.

இரட்டையர் கணக்கு பிறகு நேரானது. மலேசியாவிலிருந்து வந்த கோச் டான் கிம் ஹெர், சாத்விக்கையும் சிராக்கையும் ஜோடி சேர்த்தார். உயரமான இருவரையும் ஒரே பக்கம் நிறுத்துவதா என்று அந்தப் பிள்ளைகளே முதலில் தயங்கினார்கள். 2023இல் அதே ஜோடி ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கி, உலக முதல் இடத்தையும் பிடித்தது.

2022 மே 15, பாங்காக். ஆண்கள் அணிகளுக்கான தாமஸ் கோப்பை இறுதியில் 14 முறை சாம்பியனான இந்தோனேசியாவை இந்தியா 3-0 என்று வென்றது. 1949இல் தொடங்கிய போட்டியில் நமக்கு முதல் கோப்பை. அந்த அணியை வழிநடத்தியவர் விமல் குமார். ஆடியவர்களில் லக்‌ஷ்யா சென் பெங்களூர்க் கூடத்தின் பிள்ளை, ஸ்ரீகாந்தும் பிரணாயும் ஹைதராபாத் கூடத்தில் வளர்ந்தவர்கள். இரண்டு ஊர், இரண்டு குரு, நடுவில் அத்தனை மனக்கசப்பு. கோப்பை ஒன்றுதான் வந்தது. கோபிசந்தின் வாழ்நாளில் நடந்த பெரிய வெற்றி, அவர் ஓரத்தில் உட்காராமலே நடந்தது. என்னைக் கேட்டால் அவருக்குக் கிடைத்த மிகப் பெரிய மரியாதை அதுதான்.

2024 பாரிஸில் கதை மாறியது. பேட்மின்டனில் ஒரு பதக்கமும் இல்லை. லக்‌ஷ்யா சென் வெண்கல ஆட்டத்தில் முதல் கேமை எடுத்துவிட்டு மலேசியாவின் லீ சீ ஜியாவிடம் தோற்றார். அரசாங்கம் கொடுக்க வேண்டியதையெல்லாம் கொடுத்தது, இனி ஆட்டக்காரர்கள்தான் பொறுப்பேற்க வேண்டும் என்று படுகோன் வெளிப்படையாகவே சொன்னார். அதற்கு ஆறேழு மாதம் கழித்துத்தான் கோபிசந்தின் ‘வேண்டாம்’ வந்தது.

நூறில் ஒரு பிள்ளைகூட மேலே வருவதில்லை, மற்ற தொண்ணூற்றொன்பது பேர் இருபத்தைந்து வயதில் படிப்பும் இல்லாமல் வேலையும் இல்லாமல் நிற்கிறார்கள், அவர்களுக்கு நாடு என்ன வழி வைத்திருக்கிறது என்பதுதான் அவருடைய பேச்சின் சாரம். அப்பாக்கள் தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்கள்.

மலைக் காற்றில் ஒரு காக்

நம் மலைக்கு வருவோம். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர், குன்னூர் 1,850. ஹைதராபாத் 540 மீட்டர்தான். உயரம் கூடினால் காற்று லேசாகும். ஊட்டியின் குளிர் அதைக் கொஞ்சம் ஈடுகட்டினாலும், சென்னைக் காற்றைவிட இங்கே ஏறக்குறைய 20 சதவீதம் லேசு. ஓட்டக்காரருக்கு இது வரம். மலையுயரப் பயிற்சிக்கென்று முத்தோரை பாலாடாவில் ஓடுதளம் அமைத்ததற்குக் காரணமே அதுதான். காக்குக்கு இது வம்பு. தடுக்கக் காற்று குறைவு, அதனால் பறந்துவிடும்.

விதிப்புத்தகத்தில் இதற்கு ஒரு சோதனை உண்டு. பின்கோட்டில் நின்று, கீழிருந்து மேலாக முழு வீச்சில் காக்கை அடிக்க வேண்டும். அது எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் உள்ளே விழுந்தால் வேகம் சரி. சென்னையில் சரியாக விழும் காக்கை ஊட்டியில் அடித்துப் பாருங்கள், கோட்டைத் தாண்டி சுவரோரம் போய் விழும். அதற்காகத்தான் இறகுக் காக் டியூபில் 75, 76, 77 என்று நம்பர் போடுகிறார்கள். நம்பர் குறைந்தால் வேகம் குறைவு, மலைக்கு 75 பக்கம் போக வேண்டும். நைலான் காக்கென்றால் பச்சைப் பட்டை மெது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகம். கடையில் கொடுத்ததை வாங்கி வந்து ஆடிப் பழகும் பிள்ளை, அவுட் ஆகிவிடுமே என்று கையை அடக்கியே ஆடும். அதே பிள்ளை மாவட்டத்தைத் தாண்டி கோவைக்கு ஆடப் போனால், உயரத் தூக்கி அடிக்கும் கிளியர் பின்கோடு வரை போகாது. பாதிக் கோர்ட்டில் தொங்கும் காக்கை எதிராளி சும்மா விடுவாரா? திறமை இல்லை என்று நினைத்துக்கொண்டு பிள்ளை மலையேறிவிடும். பக்கத்தில் விவரம் தெரிந்த ஒரு கோச் நின்றிருந்தால் பச்சைப் பட்டை டப்பா ஒன்றிலேயே பாதி சரியாகியிருக்கும்.

காசு? நல்ல இறகுக் காக் ஒரு டியூப் மலிவாகக் கிடைப்பதில்லை. தேயிலை பறிக்கும் ஓர் அம்மாவின் சில நாள் கூலி அது. மும்முரமாகப் பயிற்சி எடுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு டியூப் எத்தனை நாள் தாங்கும்? கோபிசந்தின் எச்சரிக்கை லைன் வீட்டுக்குள் நுழையும்போது அதன் கனம் இதுதான்.

ஆனாலும் தமிழ்நாட்டிலேயே எதிர் உதாரணம் இருக்கிறது. காஞ்சிபுரத்தின் துளசிமதி முருகேசனுக்கு முதல் கோச் அவருடைய அப்பா. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் அந்தப் பெண் வெள்ளி வென்ற அதே பிரிவில் திருவள்ளூரின் மனீஷா ராமதாஸ் வெண்கலம் வென்றார். சங்கர் முத்துசாமி ஹைதராபாத்துக்கோ பெங்களூருக்கோ போகவில்லை. சென்னையிலேயே அரவிந்தன் சாமியப்பனிடம் பயின்று 2022 ஜூனியர் உலகப் போட்டியில் வெள்ளி வாங்கினார். 2025 மார்ச்சில் ஸ்விஸ் ஓப்பனில், உலகின் இரண்டாம் நிலை வீரராக இருந்த டென்மார்க்கின் அண்டர்ஸ் அன்டோன்சனையே வீழ்த்தினார். இவர்களுக்கெல்லாம் பொதுவாக இருந்தது பக்கத்திலேயே, தினமும், விடாமல் நின்ற ஒரு கோச். கோபிசந்த் ஹைதராபாத்தில் செய்ததும் அடிப்படையில் அதுவேதான்.

ஆகவே நீலகிரிக்கு ஐந்து ஏக்கரும் அடமானப் பத்திரமும் இன்றைக்கே வேண்டியதில்லை. கூரை போட்ட ஹால்கள் ஏற்கெனவே இருக்கின்றன. பலவற்றில் சாயங்காலம் பெரியவர்கள் இரண்டு மணி நேரம் ஆடிவிட்டுப் பூட்டிவிடுகிறார்கள், காலையில் பூட்டு பனியில் நனைந்துகொண்டிருக்கிறது. பள்ளித் தாளாளர்களே, எஸ்டேட் மேனேஜர்களே, கிளப் செயலாளர்களே, அந்த ஹாலைக் காலை ஐந்து மணி முதல் ஏழரை வரை பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். நான்கைந்து ஹால்கள் சேர்ந்து, முன்னாள் ஆட்டக்காரர் ஒருவருக்கு மாதச் சம்பளம் போட்டு வையுங்கள். போட்டி நடத்தி ஆளுயரக் கோப்பை கொடுக்கும் செலவில் பாதி போதும். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பிள்ளையின் படிப்பை நிறுத்தாதீர்கள், ராக்கெட்டையும் பிடுங்காதீர்கள். கோபிசந்த் கேட்டதில் பாதி அதுதான். மீதிப் பாதி அரசாங்கத்துக்கு: ஆடி முடித்து, பதக்கம் இல்லாமல் வீடு திரும்பும் பிள்ளைக்கு ஒரு வேலைக்கு வழி செய்யுங்கள்.